கரண்டியிலிருந்து கல்லாவுக்கு: பினாங்கில் கடை போட நினைக்கும் சமையல்காரர்கள் கேட்கும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கத்திலிருந்து 2002-ல் மலேசியாவுக்குச் சமையல் வேலைக்கு வந்தவன் நான். இப்போது பினாங்கில், ஜெலுத்தோங் பக்கம், ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். ஊரிலிருக்கும் தம்பிகளும் இங்கேயே மற்ற கடைகளில் வேலை பார்க்கும் பையன்களும் வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு ஆளாளுக்குக் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை, அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. விதிகள் அடிக்கடி மாறும், பணத்தை எடுத்து வைக்கும் முன் அந்தந்த அலுவலகத்தில் ஒரு நடை போய்க் கேட்டுவிடுங்கள். இங்கே ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம், நானும் அப்படியே எழுதுகிறேன்.

அண்ணே, நீங்கள் எப்படி வந்தீர்கள்? என்ன பெர்மிட்?

ஊரில் கல்யாணச் சமையல் கோஷ்டியில் எடுபிடியாக இருந்தேன். தேங்காய் துருவுவது, வெங்காயம் உரிப்பது, அண்டா தேய்ப்பது. ஐந்து வருஷத்தில் சரக்கு மாஸ்டருக்குப் பக்கத்தில் நின்று குழம்பு கூட்டும் அளவுக்கு வந்தேன். அப்புறம் ஒரு ஏஜெண்ட் மூலம் கோலாலம்பூர், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடை. வந்த முதல் மாதம் சமைக்கவே விடவில்லை, பாத்திரம்தான் கழுவினேன்.

எனக்குக் கிடைத்தது தற்காலிக வேலை அனுமதி, இங்கே பிஎல்கேஎஸ் என்பார்கள். உணவகத்துக்கு வரும் பெரும்பாலான சமையல்காரர்களுக்கு இதுதான். இதில் மூன்று விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த முதலாளி பேரில் வந்தீர்களோ அவரிடம் மட்டும்தான் வேலை செய்யலாம். குடும்பத்தை அழைத்து வர முடியாது. இந்த அனுமதியில் இருக்கும்வரை இங்கே கல்யாணமும் செய்ய முடியாது. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், ஃபோமெமா மருத்துவப் பரிசோதனை உண்டு. பெரிய ஓட்டல்களின் செஃப்களுக்குக் கிடைக்கும் உயர்நிலை வேலை பாஸ் வேறு கதை, அதற்குச் சம்பள வரம்பும் படிப்பும் அனுபவச் சான்றும் கேட்பார்கள்.

ஊரில் பத்தாம் வகுப்பு தேறாதவர் என்றால் இந்தியப் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. வேலைக்கு வருவதற்கு முன் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும், மலேசியா அந்தப் பட்டியலில் உள்ள நாடு. "அதெல்லாம் தேவையில்லை, நான் பார்த்துக்கிறேன்" என்று ஏஜெண்ட் சொன்னால் அந்த இடத்திலேயே பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுங்கள்.

இப்போதுதான் விசா இல்லாமலே வரலாமே, வந்து வேலை தேடிக்கொள்ளலாமா?

வேண்டாம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் விசா இல்லாமல் வரலாம் என்பது நிஜம்தான். அது பத்துமலை பார்க்க, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக. அந்தப் பாஸில் வந்து பரோட்டா கல்லில் நின்றால், குடிநுழைவுத் துறை வரும் அன்றைக்கு பின்வாசல் வழியாக ஓடுபவர்களில் நீங்களும் ஒருவர். நான் அப்படி ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒருத்தன் கையில் மாவு ஒட்டியபடியே ஓடினான்.

வேலை பெர்மிட்டில் இருந்துகொண்டே சின்னதாக ஒரு கடை என் பேரில் போட முடியுமா?

முடியாது. தனிநபர் தொழிலோ கூட்டாண்மையோ எஸ்எஸ்எம்மில், அதாவது நிறுவனங்கள் ஆணையத்தில், குடிமக்களும் நிரந்தர வசிப்பிடத் தகுதி உள்ளவர்களும் மட்டுமே பதிய முடியும். ஐசி என்றால் இங்கே அடையாள அட்டை. குடிமக்களுக்கான நீல ஐசி இருக்க வேண்டும், இல்லையென்றால் நிரந்தர வசிப்பிடத்துக்கான சிவப்பு ஐசி.

வெளிநாட்டவருக்கு இருக்கும் வழி செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் நிறுவனம். 2016 நிறுவனச் சட்டப்படி ஒரே ஆள் பங்குதாரராகவும் இயக்குநராகவும் இருக்கலாம், ஆனால் இயக்குநர் ஒருவராவது மலேசியாவில் வசிப்பவராக இருக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு "ஆயிரம் வெள்ளி கட்டினால் கம்பெனி ரெடி" என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். கம்பெனி பதிவது சுலபம், உணவகம் நடத்துவதுதான் சிக்கல். முழுக்க வெளிநாட்டவர் பங்குள்ள உணவகத்துக்கு உள்நாட்டு வர்த்தக அமைச்சின் அனுமதி வேண்டும், அதற்குக் கட்டிய மூலதனம் பத்து லட்சம் வெள்ளி காட்ட வேண்டும். மாஸ்டர் சம்பளத்தில் அதைச் சேர்க்க எத்தனை ஜென்மம் ஆகும் என்று நான் ஒருமுறை கணக்குப் போட்டேன், பாதியில் நிறுத்திவிட்டேன்.

சரி, தெரிந்த உள்ளூர்க்காரர் பேரில் லைசென்ஸ் எடுத்து நாம் நடத்தினால்? எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2006-ல் நானும் என்னோடு வேலை பார்த்த ஒரு நண்பனும் கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் ஓர் ஒட்டுக்கடையை, அதாவது தெருவோரச் சின்னக் கடையை, எடுத்தோம். லைசென்ஸ், நாங்கள் வேலை பார்த்த கடைக்குத் தினமும் தேநீர் குடிக்க வரும் ஓர் உள்ளூர்க்காரர் பேரில். நல்ல மனுஷன், என் அம்மா இறந்தபோது ஊருக்குப் போக டிக்கெட் பணம் கடன் கொடுத்தவர், அதனால் நம்பினேன். என் பங்கு பதினாலாயிரம் வெள்ளி, நான்கு வருஷச் சேமிப்பு. மாதம் அவருக்கு ஐந்நூறு வெள்ளி "பேர் வாடகை". வாடகை ஒப்பந்தம் அவர் பேரில், மின்சார மீட்டர் அவர் பேரில், வங்கிக் கணக்கும் அவர் பேரில். எங்கள் பேர் இருந்த ஒரே இடம் மசாலா டப்பாக்களின் மேல் ஒட்டியிருந்த சீட்டுதான்.

பகலில் முதலாளி கடையில் வேலை, ராத்திரி எங்கள் கடை. காலை நான்கு மணிக்குத் தூங்கி ஒன்பதுக்கு எழுந்து. மீன் தலைக் கறிக்குக் கூட்டம் நிற்க ஆரம்பித்தது. ஒரு வருஷத்தில் போட்ட பணத்தில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. பதினான்காவது மாதம் ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் கடைக்கு வேறு பூட்டு. உள்ளே அவருடைய மச்சான் அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். எங்கள் அண்டா, எங்கள் தோசைக்கல், காலையில் நான் வாங்கி வைத்த இரண்டு மூட்டை அரிசி.

போலீசுக்குப் போகலாம் என்றான் நண்பன். போய் என்ன சொல்வது? என் பெர்மிட் வேறொரு கடைக்கு. நான் அந்த ஒட்டுக்கடையில் நின்றதே குற்றம். புகார் கொடுத்தால் முதலில் உள்ளே போவது நான்தான். அவருக்கும் அது தெரியும், அதனால் சத்தம்கூடப் போடவில்லை, "தம்பி, டீ சாப்பிட்டுப் போ" என்றார். அந்த டீயைக் குடித்தேனா என்று என் மனைவி இன்றைக்கும் கேட்பாள். குடித்தேன்.

லைசென்ஸை வாடகைக்கு விடுவதும் உள்ளாட்சி விதிப்படி தப்பு, கண்டுபிடித்தால் ரத்து செய்துவிடுவார்கள். அதாவது நல்லவராகவே ஒருவர் கிடைத்தாலும் கடை ஒரு ரெய்டில் போய்விடும். உங்கள் பேர் எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று பாருங்கள். எதிலும் இல்லை என்றால் அங்கே நீங்கள் சம்பளம் வாங்காத வேலைக்காரர், அவ்வளவுதான். "எனக்கும் அவருக்கும் தனியாக எழுதி வைத்திருக்கிறோம்" என்பார்கள் சிலர். சட்டத்தை ஏய்க்கப் போட்ட ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு எந்த நீதிமன்றத்துக்குப் போவீர்கள்?

இங்கே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டால் பிரச்சனை தீர்ந்துவிடுமா?

கடைக்காகக் கல்யாணம் செய்கிறவனுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். என் கதையைச் சொல்கிறேன். 2008-ல் பெர்மிட்டை முடித்துக்கொண்டு வெறுங்கையோடு ஊருக்குப் போனேன். என் மனைவியின் குடும்பம் பட்டர்வொர்த்தில் மூன்று தலைமுறையாக இருப்பது, எங்கள் ஊரோடு சொந்தம் விட்டுப்போகாத குடும்பம். அப்படிப் பேசி முடித்தது, 2009-ல் ஊரிலேயே கல்யாணம். 2010-ல் துணைவருக்கான நீண்டகால வருகைப் பாஸில் பினாங்குக்கு வந்தேன். அந்தப் பாஸில் வேலை செய்ய அனுமதியைக் குறித்து வாங்கிக்கொள்ள வேண்டும், அதை மறந்துவிட்டு அப்படியே கரண்டியைப் பிடித்தவர்கள் உண்டு. ஐந்து வருஷம் தொடர்ந்து இருந்த பிறகுதான் சிவப்பு ஐசிக்கு விண்ணப்பிக்க முடியும், விண்ணப்பித்தால் உடனே கிடைத்துவிடும் என்றும் இல்லை. நான் 2015-ல் கொடுத்தேன், 2018-ல் வந்தது.

இடையில் ஆறு வருஷம் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் மாஸ்டர். 2016-ல் இப்போதைய கடையை என் மனைவி பேரில் பதிந்தோம். அவள் குடிமகள், கணக்கு வழக்கு பார்ப்பவளும் அவள்தான், அதனால் இதில் ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. "நீ மாஸ்டர், நான் முதலாளி" என்று அவள் கல்லாவில் உட்கார்ந்து சொல்வது முதல் ஆறு மாதம் எனக்குக் கசந்தது என்பதையும் மறைக்கவில்லை. 2022-ல்தான் நிறுவனமாக மாற்றி என் பேரையும் சேர்த்தோம்.

பினாங்கில் வெளிநாட்டவர் சமைக்கவே கூடாதாமே?

பாதி உண்மை. 2016 ஜனவரி 1 முதல் பினாங்குத் தீவில் அங்காடிக் கடைகளில், அதாவது தெருவோரக் கடைகளிலும் உணவு நிலையங்களிலும், வெளிநாட்டவர் சமையல்காரராக நிற்கக் கூடாது. சார் குவே தியாவ், அசாம் லக்சா, ஹோக்கியன் மீ, நாசி லெமாக், பசெம்பூர் என்று உள்ளூர் அடையாளமான உணவுகளைக் காப்பாற்ற வந்த விதி. தட்டு எடுக்கலாம், கழுவலாம், கரண்டி பிடிக்கக் கூடாது. உணவகங்களுக்கு இந்த விதி இல்லை. 2018 ஜூனில் அப்போதைய மனிதவள அமைச்சர் மு. குலசேகரன் உணவகங்களிலும் உள்ளூர் சமையல்காரர்கள் மட்டுமே இருக்க வேண்டும் என்ற யோசனையைச் சொன்னார், பெரிய எதிர்ப்பு வந்தது, அது அப்படியே நின்றுபோனது.

எனக்கு இதில் இரண்டு மனசு. சார் குவே தியாவை நாற்பது வருஷமாக ஒரே இடத்தில் நின்று கிண்டும் அப்பெக்கிடம், அதாவது வயதான சீனப் பெரியவரிடம், சாப்பிட்டுப் பாருங்கள், விதி ஏன் வந்தது என்று புரியும். அதே சமயம் நாசி கண்டாரையே எடுத்துக்கொள்ளுங்கள். தோளில் கட்டை போட்டு இரு பக்கமும் சோற்றுப் பானையும் குழம்புப் பானையும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றுக்கொண்டு நடந்த தமிழ் முஸ்லிம்களின் சாப்பாடு அது. கண்டார் என்றால் அந்தத் தோள்கட்டைதான். முகமது தம்பி ராவுத்தர் 1907-ல் தொடங்கிய ஹமீதியா இன்றும் கேம்பல் தெருவில் நடக்கிறது. அவர்களும் கப்பலில் வந்தவர்கள்தானே.

கையில் எவ்வளவு பணம் இருந்தால் தொடங்கலாம்?

இடத்தைப் பொறுத்தது. எனக்கு 2016-ல் எண்பத்தாறாயிரம் வெள்ளி ஆனது, ஒரே கதவுள்ள கீழ்த்தளக் கடை. வாடகைக்கு வழக்கமாக இரண்டு மாத முன்பணம், அதோடு தண்ணீர் மின்சாரத்துக்குத் தனி முன்பணம், முதல் மாத வாடகை. ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டி ஸ்டாம்ப் பண்ணிக்கொள்ளுங்கள், அது இல்லாத ஒப்பந்தம் தகராறு வரும்போது உதவாது. மூன்று வருஷம், அப்புறம் நீட்டிக்கும் உரிமை உங்களுக்கு என்று எழுதச் சொல்லுங்கள். கடை ஓட ஆரம்பித்ததும் வாடகையை இரட்டிப்பாக்கும் வீட்டுக்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

அடுப்பு, ஃப்ரீசர், ஸ்டீல் மேசை எல்லாம் பழையது வாங்கினேன். மூடிய கடைகளின் சாமான் விற்கும் இடங்கள் இருக்கின்றன, அங்கே போய் நின்றால் ஒரு மாதிரி இருக்கும், போன வருஷம் யாரோ ஆசையாக வாங்கியது. புகைபோக்கி, கழிவு எண்ணெய் பிடிக்கும் தொட்டி, இந்த இரண்டிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். எண்ணெய்த் தொட்டி சரியில்லாமல் சாக்கடை அடைத்துப் பக்கத்துக் கடைக்காரர் புகார் கொடுத்தால் பெரிய தலைவலி.

கடை திறந்த பிறகு நாலு மாதம் நஷ்டத்தில் ஓட்டப் பணம் தனியாக வேண்டும். நான் அதை எடுத்து வைக்கவில்லை. இரண்டாவது மாதமே மனைவியின் தாலிக்கொடி தவிர மற்றதெல்லாம் அடகுக் கடைக்குப் போனது.

கடன் எங்கே வாங்குவது?

குடிமகளாக இருந்த என் மனைவிக்கு அரசின் சிறுகடன் அமைப்பான தெக்குனின் ஸ்பூமி திட்டம் இருந்தது, அது இந்தியச் சமூகத் தொழில்முனைவோருக்கான சிறுகடன். வெளிநாட்டவருக்குக் கிடையாது. நம்மவர்களிடையே கூட்டுப் பணம், ஊரில் சொல்லும் சீட்டு, கட்டும் பழக்கம் உண்டு, ஆனால் அதைத் தொழிலாக நடத்துவதை 1971-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள், கூட்டுப் பிடித்தவர் ஓடிவிட்டால் நீங்கள் கேட்க ஆளில்லை. ஆ லோங், அதாவது லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரர்கள், பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். கடை ஷட்டரில் சிவப்புப் பெயிண்ட் ஊற்றியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

லைசென்ஸ் என்னென்ன?

பட்டியல் பார்க்கப் பெரிதாக இருக்கும், ஒவ்வொன்றாகச் செய்தால் முடிந்துவிடும். எஸ்எஸ்எம் பதிவு, தீவில் என்றால் எம்பிபிபி என்கிற மாநகர் மன்றத்தின் கடை லைசென்ஸும் பெயர்ப் பலகை அனுமதியும், தீயணைப்புத் துறையின் சம்மதம், சுகாதார அமைச்சில் பதிவு. கடையில் உணவைத் தொடும் ஒவ்வொருவரும் உணவு கையாளுவோர் பயிற்சி முடித்திருக்க வேண்டும், டைஃபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும், அந்த ஊசி மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. முதலாளியும் சேர்த்துத்தான், கல்லாவில் இருந்து எழுந்து வந்து நீங்கள் ஒரு வடை எடுத்துக் கொடுக்க மாட்டீர்களா என்ன?

அதிகாரிகள் முன்னறிவிப்பில்லாமல் வருவார்கள். கரப்பான், எலிப் புழுக்கை பார்த்தால் 1983 உணவுச் சட்டத்தின் கீழ் 14 நாள் வரை கடையை மூட முடியும். 14 நாள் மூடிய கடைக்குப் பழைய கூட்டம் திரும்ப மூன்று மாதம் ஆகும், அதுவும் கதவில் ஒட்டிய நோட்டீஸை யாராவது படம் பிடித்துப் போட்டுவிட்டால் சொல்லவே வேண்டாம்.

ஹலால் சான்றிதழ் வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆனால் சான்றிதழ் இல்லாமல் "ஹலால்" என்று எழுதி ஒட்டினால் குற்றம். நாங்கள் மாடும் பன்றியும் சமைப்பதில்லை, சுவரில் முருகன் படம் இருக்கிறது, சாப்பிட வருகிறவர்கள் பார்த்து முடிவு செய்துகொள்கிறார்கள். மலாய்க்காரர்களும் வருகிறார்கள், பெரும்பாலும் சைவம் சாப்பிட.

விலையை எப்படி வைப்பது? பக்கத்துக் கடையைவிட ஒரு வெள்ளி குறைத்தால் கூட்டம் வருமே?

வரும், அப்புறம் நீங்கள் போய்விடுவீர்கள். மாஸ்டராக இருக்கும்வரை நமக்குக் கறியின் விலை தெரியும், இலையின் விலை தெரியாது. ஒரு கணக்கைப் பாருங்கள். சின்னக் கடை, மாத வாடகை 4,500. ஆறு பேர், சம்பளமும் அவர்களுக்காகக் கட்டும் சேமநிதி போன்ற சந்தாவும் சேர்த்துச் சராசரி 2,200 வைத்தால் 13,200. மின்சாரம், தண்ணீர், எரிவாயு 3,200. ரிப்பேர், காகிதம், சோப்பு என்று 1,500. மொத்தம் 22,400. மாதம் 26 நாள் திறந்தால், அடுப்புப் பற்றவைக்கும் முன்னமே ஒரு நாளைக்கு 861 வெள்ளி கடன்பட்டிருக்கிறீர்கள்.

சைவ இலை பத்து வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். சோறு, மூன்று காய், சாம்பார், ரசம், மோர், அப்பளம் எல்லாம் சேர்ந்து பொருள் செலவு 3.40. மிச்சம் 6.60. அப்படியானால் 131 இலை போட்டால்தான் அன்றைக்குப் பூஜ்யம். 132-வது இலையில்தான் உங்கள் லாபம் ஆரம்பிக்கிறது. வருகிறவர் ஒரு கோழி வறுவலோ மீனோ சேர்த்து 15 வெள்ளிக்குச் சாப்பிட்டால், அதில் 9.50 மிச்சமானால், 91 பேர் போதும். அதனால்தான் கோழியையும் நண்டையும் ட்ரேயில் எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போகிறோம். வேடிக்கை காட்டுவதற்காக என்று நினைத்தீர்களா?

காய் கேட்கக் கேட்கப் போடுவது இங்கே வழக்கம், நிறுத்தினால் சண்டைக்கு வருவார்கள். உருளைக்கிழங்கு வறுவலை மட்டும் கரண்டி பார்த்துப் போடச் சொல்லுங்கள், காசு முழுக்க அதில்தான் போகிறது.

விலைவாசி எங்கிருந்து அடிக்கும் என்று தெரியாது. 2023 ஜூலை 20-ல் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது, ஆகஸ்டில் புழுங்கலுக்கு 20 சதவிகித வரி, டிசம்பர் 8-ல் வெங்காயத்துக்கும் தடை. என் கடை பொன்னிப் புழுங்கலில் ஓடும் கடை. வெங்காயத்துக்கு ஹாலந்து வெங்காயம் போட்டுப் பார்த்தேன், தண்ணி விட்டு இனிப்பு ஏறி, வதக்க வதக்க நிறமே வரவில்லை. அந்த நாலைந்து மாதம் என் குழம்பை நானே சாப்பிடவில்லை.

டெலிவரி ஆப்பில் போட்டால் கமிஷன் கணிசமாகப் போகும், அதற்குத் தனி விலை வையுங்கள். வருஷ விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டினால் 6 சதவிகித சேவை வரிக்குப் பதிய வேண்டும். முதல் வருஷம் அந்தக் கவலை உங்களுக்கு வராது.

நம்ம ஊர் ருசி இங்கே எடுபடுமா?

நான் வந்தபோது செட்டிநாட்டுக் கைமணத்தைக் காட்டி எல்லாரையும் அசத்திவிடுவேன் என்று நினைத்தேன். மிளகும் கல்பாசியும் தூக்கலாகப் போட்டு ஒரு கோழிக் குழம்பு வைத்தேன். ஒரு பாட்டி, இங்கேயே பிறந்து வளர்ந்தவர், இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு "மருந்து மாதிரி இருக்கு ஐயா" என்றார். இவர்களுடைய நாக்கு நூறு வருஷத்துக்கு மேல் இங்கே பழகியது. சோம்பு மணம் பிடிக்கும், கறிவேப்பிலை வேண்டும், தேங்காய்ப் பால் கொஞ்சம் அதிகம், மீன் கறியில் புளி நன்றாகத் தெரிய வேண்டும், வெண்டைக்காயும் கத்தரிக்காயும் அதில் முழுசாகக் கிடக்க வேண்டும்.

பினாங்கில் இன்னொரு விஷயம். ஒரு குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிட மாட்டார்கள். கோழிக் குழம்பு, மீன் குழம்பு, இறைச்சிக் குழம்பு எல்லாவற்றிலும் ஒரு கரண்டி எடுத்துச் சோறு மூழ்கும்வரை ஊற்ற வேண்டும், "பஞ்ஜிர்" என்பார்கள், வெள்ளம். முதலில் எனக்கு நெஞ்சு வலித்தது, தனித்தனியாக மெனக்கெட்டு வைத்த குழம்புகளை இப்படிச் சேறாக்குகிறார்களே என்று. அப்புறம் நானே ஒரு நாள் சாப்பிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு குழம்பும் இன்னொன்றோடு சேரும் என்று கணக்குப் பண்ணித்தான் கூட்ட வேண்டியிருக்கிறது, ஒன்றில் உப்பும் இன்னொன்றில் புளியும் தூக்கலாக இருந்தால் கலவை கெட்டுப்போகும். எனக்கு முப்பத்தைந்து வயதில் கிடைத்த பாடம்.

ஊர் ருசியை விட்டுவிட வேண்டாம், சனிக்கிழமை மட்டும் நான் என் பாட்டி வைக்கும் உப்புக்கண்டக் குழம்பு போடுவேன். பதினைந்து பேர் அதற்காகவே வருவார்கள், அதில் மூன்று பேர் சீனர்கள்.

எந்த மாதம் வியாபாரம் காயும்?

புரட்டாசி. அசைவத்தில் ஓடும் கடைக்கு அது ஒரு மாதத் தவம், சைவத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். நோன்பு மாதத்தில் மதியக் கூட்டம் குறையும். தைப்பூசத்தில் லட்சக்கணக்கில் ஜனம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வரும், ஆனால் வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல்களில் சோறும் மோரும் இலவசம், யார் நம்மிடம் காசு கொடுத்துச் சாப்பிடுவார்கள்? முதல் வருஷம் இது தெரியாமல் நாலு அண்டா புளிச்சோறு கிண்டினேன். கடைசியில் நாங்களும் அதை ஒரு பந்தலில் கொடுத்துவிட்டு, எங்கள் ஊரிலிருந்து 1894-ல் வந்த வெள்ளி ரதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இப்போதெல்லாம் அன்றைக்குக் கடை லீவு.

2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது உட்கார்ந்து சாப்பிடவே தடை. வாழை இலைச் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டினால் யார் வாங்குவார்கள் என்றுதான் நினைத்தேன். சோறு, குழம்பு தனித்தனிப் பையில், இலையையும் மடித்து உள்ளே வைத்தோம். வாங்கிப்போனவர்கள் வீட்டு மேசையில் இலையை விரித்துப் படம் அனுப்பினார்கள்.

வேலைக்கு ஆள் கிடைக்குமா?

கிடைக்காது, அதுதான் இன்றைக்குப் பெரிய பிரச்சனை. உள்ளூர்ப் பிள்ளைகள் சமையல்கட்டுக்கு வருவதில்லை, நான் குறை சொல்ல மாட்டேன், என் மகனையே நான் அனுப்ப மாட்டேன். 2023 மார்ச்சில் வெளிநாட்டுத் தொழிலாளர் ஒதுக்கீட்டை நிறுத்தினார்கள், அதற்குப் பிறகு ஆள் எடுப்பது இன்னும் கஷ்டமாகிவிட்டது. வெளிநாட்டு ஆளுக்கு அரசுக்குக் கட்டும் வருஷ லெவி மட்டும் 1,850 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 2025-லிருந்து 1,700, வெளிநாட்டவருக்கும் அதுதான். சொக்சோ என்கிற தொழிலாளர் காப்புறுதி கட்ட வேண்டும், 2025 அக்டோபரிலிருந்து அவர்களுக்கும் சேமநிதி, இரு பக்கமும் 2 சதவிகிதம்.

பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைக்கும் முதலாளிகள் இன்னும் இருக்கிறார்கள். என்னுடையதும் ஆறு வருஷம் ஒருவருடைய மேசை டிராயரில் இருந்தது. அது 1966 கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம் என்று அப்போது எனக்குத் தெரியாது. முதன்முதலாக எனக்குக் கீழே ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்தபோது அவனாகவே பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினான், பழக்கம். ஓடிவிட்டால் லெவி பணம் போய்விடுமே என்று ஒரு நிமிஷம் எனக்கும் தோன்றியது, பொய் சொல்லவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவன் எட்டு மாதத்தில் சொல்லாமல் போய்விட்டான் என்பது வேறு விஷயம். அடுத்தவனிடமும் நான் வாங்கவில்லை.

பேசாமல் மாஸ்டராகவே இருந்துவிட்டால் என்ன?

தாராளமாக இருக்கலாம். கை நல்ல மாஸ்டருக்கு எந்தக் கடையும் சம்பளம் கூட்டிக் கொடுக்கும், தங்க இடம், மூன்று வேளை சாப்பாடு, மாசம் பிறந்தால் ஊருக்குப் பணம். கடை திறந்த முதல் இரண்டு வருஷம் நான் மாஸ்டராக வாங்கியதைவிடக் குறைவாகத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சேமித்து ஊரில் கடை போட்டவர்களும் உண்டு. என்னோடு செந்தூலில் பணம் இழந்த நண்பன் இப்போது தேவகோட்டையில் பிரியாணிக் கடை வைத்திருக்கிறான். லைசென்ஸ் அவன் பேரில். போன வருஷம் போயிருந்தேன், கல்லாவுக்கு மேலே அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறான், சாமி படத்தைவிடப் பெரிய சட்டம்.

உங்கள் கடையில் வேலை இருக்கிறதா அண்ணே?

தோசைக்கல்லுக்கு ஓர் ஆள் வேண்டும், இங்கேயே வேலை செய்ய அனுமதி உள்ளவர்கள் மட்டும். மதியம் மூன்று மணிக்கு மேல் கூப்பிடுங்கள், அதற்கு முன் எடுக்க மாட்டேன்.